சீர்திருத்தம் வருகிறது என்றால் தொழில் நிறுவனம் எதைப் பார்க்கிறது?

அரசு ஒரு வரி மாற்றத்தையோ தொழிலாளர் சட்டத்தையோ அறிவித்த மறுநாளே "தொழில்துறை வரவேற்பு" என்றோ "தொழில்துறை கடும் எதிர்ப்பு" என்றோ தலைப்புச் செய்தி வந்துவிடும். இரண்டையுமே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில்துறை என்று ஒற்றைக் குரலில் பேசும் ஆள் யாரும் இல்லை. ஒரே சட்டம் ஒரு நிறுவனத்துக்கு உயிர்ப் பிரச்சினையாக இருக்கும், பக்கத்து நிறுவனத்துக்குக் காதிலேயே விழாது, மூன்றாவது நிறுவனத்துக்கு நல்ல வாய்ப்பாகக்கூட அமையும். யார், ஏன், எந்த அளவுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் அந்தத் தலைப்புகளால் பயன் உண்டு. அதற்குப் பெரிய அரசியல் ஞானம் தேவையில்லை. நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

சீர்திருத்தங்களைப் பொருளாதாரக் கொள்கை, சமூகக் கொள்கை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். வரி, வர்த்தகம், மின்கட்டணம், போட்டிச் சட்டம், உரிம முறை எல்லாம் முதல் வகை. குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதியம், மகப்பேறு விடுப்பு, வேலையில்லாக் கால உதவி, பணியிடப் பாதுகாப்பு எல்லாம் இரண்டாவது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பிரிவினையால் பெரிய பயன் இல்லை. அவர் கேட்பது மூன்றே கேள்விகள்: இது எந்தச் செலவுத் தலைப்பில் வந்து விழும்? பணம் எந்தத் தேதியில் கையை விட்டுப் போகும்? போட்டியாளருக்கும் இதே சுமை உண்டா?

ஒரே உயர்வு, மூன்று நிறுவனங்கள்

குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறுவனங்களுக்கும் வருமானம் 100 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகப் புரியும்.

முதலாவது, அலுவலகங்களுக்கு ஆட்களை அனுப்பும் துப்புரவு ஒப்பந்த நிறுவனம். வருமானம் 100-இல் சம்பளமே 80. மற்ற செலவுகள் 16. மிஞ்சும் லாபம் 4. ஊழியர் எல்லோரும் குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பவர்கள் என்றால் 10 சதவீத உயர்வு என்பது 8. லாபம் 4 போய், நஷ்டம் 4 ஆகிறது. இரண்டாவது, ஒரு ரசாயன ஆலை. அங்கே சம்பளம் 8, மின்சாரம் 20, லாபம் 10. எல்லோருக்குமே 10 சதவீதம் உயர்த்திக் கொடுத்தாலும் கூடுதல் செலவு 0.8 தான். லாபம் 9.2-இல் நிற்கும். அதே ஆலைக்கு மின்கட்டணம் 10 சதவீதம் கூடினால் 2 போய்விடும். மூன்றாவது, ஒரு மென்பொருள் நிறுவனம். சம்பளம் 60 என்று பெரிதாகத் தெரிந்தாலும், அங்கே யாரும் குறைந்தபட்ச ஊதியத்தின் அருகில்கூட இல்லை. பாதிப்பு பூஜ்யம்.

ஆக, ரசாயன ஆலையின் தலைவர் மேடையேறிக் குறைந்தபட்ச ஊதிய உயர்வை வரவேற்றால் அதில் பெரிய தியாகம் எதுவும் இல்லை. துப்புரவு நிறுவனம் பதறினால் அதை வெறும் பேராசை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு செலவு எவ்வளவு பெரியது என்பதை வருமானத்தோடு ஒப்பிட்டால் போதாது, லாபத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் முறையாக இதைப் படிப்பவர்கள் தவறவிடுகிற இடம் இதுதான்.

சரி, அந்தத் துப்புரவு நிறுவனம் மூடத்தான் வேண்டுமா? தன் சேவை விலையை 8 சதவீதம் உயர்த்தினால் பழைய லாபம் அப்படியே இருக்கும். எல்லாப் போட்டியாளர்களுக்கும் இதே சம்பளச் சுமை என்பதால் வாடிக்கையாளர் வேறெங்கும் மலிவாகப் பெற முடியாது. அப்படியானால் எங்கே சிக்கல்? இரண்டு இடங்களில். விலையை இரண்டு ஆண்டுகளுக்கு நிர்ணயித்து ஒப்பந்தம் போட்டிருந்தால் நடுவில் உயர்த்த வழியில்லை. சட்டத்தை மதிக்காமல் பழைய சம்பளத்தையே கொடுக்கும் ஒரு போட்டியாளர் இருந்தால் வாடிக்கையாளர் அவரிடம் போய்விடுவார். எனவே இந்த நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படுவது சட்டத்தை ரத்து செய்வது அல்ல. ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் வரை அவகாசமும், சட்டத்தை மீறுபவர் மீது கண்டிப்பான ஆய்வும்தான். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் பல நேரங்களில் கூடுதல் ஆய்வாளர்களைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. "எல்லா நிறுவனங்களும் கண்காணிப்பை வெறுக்கின்றன" என்ற பொதுக் கருத்து தவறு.

இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளம் கூடினால் ஆட்கள் வேலையை விட்டுப் போவது குறையும். நூறு பேரில் ஆண்டுக்கு 60 பேர் விலகுகிறார்கள், ஒரு புது ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்க ஒரு மாதச் சம்பளம் அளவுக்குச் செலவாகிறது என்று கொள்வோம். அது 60 மாதச் சம்பளம். ஓர் ஆண்டின் மொத்தச் சம்பளம் 1,200 மாதச் சம்பளம் என்பதால், ஆள் மாற்றத்துக்கே 5 சதவீதம் போகிறது. உயர்வுக்குப் பிறகு விலகுவோர் 36 ஆகக் குறைந்தால் 24 மாதச் சம்பளம் மிச்சம், அதாவது 2 சதவீதம். கூடிய 10-இல் 2 திரும்பி வந்துவிட்டது. தொழில் அமைப்புகள் அரசுக்கு அனுப்பும் மனுக்களில் 10 இருக்கும், இந்த 2 பெரும்பாலும் இருக்காது. மொத்தச் செலவைச் சொல்லி நிகரச் செலவைச் சொல்லாமல் விடுவது இந்தத் துறையில் மிகப் பரவலான குறை.

லாபம் வேறு, கையிருப்பு வேறு

இரண்டாவது கேள்வி தேதி பற்றியது. கணக்கில் லாபம் காட்டும் நிறுவனமும் கையில் காசில்லாமல் படுத்துவிடலாம். மதிப்புக் கூட்டு வரி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டளவில் இந்த வரி நிறுவனத்தின் செலவே அல்ல. வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஏற்றுமதி செய்பவருக்கு விற்பனையில் வரி இல்லை என்பதால், வாங்கியபோது கட்டியதை அரசு திருப்பித் தரவேண்டும். எத்தனை நாளில் தருகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஓர் ஏற்றுமதியாளருக்கு மாத விற்பனை 100, லாபம் 5, மூலப்பொருள் கொள்முதல் 60, அதன்மேல் வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் 6 அரசிடம் போகிறது. ரீஃபண்ட் ஒரு மாதத்தில் வந்தால் எப்போதும் 6 மட்டுமே வெளியே இருக்கும். ஆறு மாதம் இழுத்தால் 36 முடங்கிவிடும். அது ஏழு மாத லாபத்தைவிட அதிகம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்கி அந்த ஓட்டையை அடைத்தால் வட்டி 4.32. ஆண்டு லாபம் 60 என்பதால் இது ஏறக்குறைய 7 சதவீதம். பெரிய நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். வங்கி கடன் தர மறுக்கும் சிறு ஏற்றுமதியாளருக்கு வட்டி கணக்கே எழாது, அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும்.

வரிச் சீர்திருத்த விவாதங்களில் மேடைப் பேச்செல்லாம் விகிதத்தைப் பற்றியே நடக்கிறது. 10 சதவீதமா 12 சதவீதமா என்று சண்டை. நிறுவனங்களின் நிதி அதிகாரிகளிடம் கேட்டால் ரீஃபண்ட் எத்தனை நாள், வரி வகைப்பாட்டில் தெளிவு உண்டா, தகராறு வந்தால் தீர்ப்புக்கு எத்தனை ஆண்டு என்றுதான் முதலில் பேசுவார்கள். நியூசிலாந்து 1986-இல் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தபோது 10 சதவீதம் என்ற ஒரே விகிதத்தை, மிகக் குறைந்த விலக்குகளோடு வைத்தது. எந்தப் பொருள் எந்த விகிதத்தில் வரும் என்ற வழக்குகளுக்கு அங்கே இடமே குறைவு. ஒவ்வொரு விலக்கும் கேட்பவருக்கு இனிக்கும். ஆனால் விலக்குக்கும் வரிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு விழும், அந்தக் கோட்டில் நிற்கிற பொருள்கள் எல்லாம் வழக்குக்குப் போகும்.

படிவத்தின் எடை

சட்டத்துக்கு இணங்கி நடப்பதற்கே ஆகும் செலவு தனி வகை. இதை அளக்க நெதர்லாந்தில் உருவான ஓர் எளிய முறை பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. ஒரு படிவத்தை நிரப்ப ஆகும் நேரம், அந்த நேரத்துக்கான சம்பளம், ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை நிறுவனங்கள் ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த முறையில் அளந்து, நிர்வாகச் சுமையில் கால் பங்கைக் குறைப்பது என்று நெதர்லாந்து இலக்கு வைத்தது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2012-க்குள் 25 சதவீதம் குறைப்பது என்ற இலக்கை ஏற்றது.

மாதம் 3 மணி நேரம் பிடிக்கும் ஓர் அறிக்கை ஆண்டுக்கு 36 மணி நேரம். ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், ஆளுக்கு 2,000 மணி என்று கொண்டால், மொத்த உழைப்பு ஆண்டுக்கு 10,000 மணி. அதில் 0.36 சதவீதம் இந்தப் படிவத்துக்கு. ஐந்நூறு பேர் உள்ள நிறுவனத்தில் 10 லட்சம் மணியில் அதே 36 மணி, 0.0036 சதவீதம். ஒரே படிவம் சிறியவருக்கு நூறு மடங்கு கனக்கிறது. இப்படிப் பத்துப் படிவங்கள் சேர்ந்தால் சிறு நிறுவனத்தில் முதலாளியே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் அவர் செய்திருக்கக்கூடிய வியாபாரம் போகும்.

பெரிய நிறுவனங்கள் சில நேரம் கடுமையான விதிகளைத் தாமே கேட்டு வாங்குவதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். தனக்கு 0.0036, போட்டிக்கு வரத் துடிக்கும் சின்னவருக்கு 0.36. "உயர்ந்த தரக் கட்டுப்பாடு வேண்டும்" என்று சந்தையில் முதலிடத்தில் இருப்பவர் சொன்னால் அதில் உண்மையான அக்கறையும் இருக்கலாம், வாசலில் பூட்டுப் போடும் எண்ணமும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிறியவர்களுக்கு எளிய மாற்று வழி வைப்பதை அவர் ஆதரிக்கிறாரா என்று பாருங்கள்.

நாற்பத்தொன்பதில் நின்றுவிடும் நிறுவனம்

அப்படியானால் சிறு நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கலாம், ஆனால் எப்படி என்பதில் கவனம் வேண்டும். பிரான்சில் ஊழியர் எண்ணிக்கை 50-ஐத் தொட்டால் நிறுவனத்துக்குப் பல புதிய கடமைகள் ஒரேயடியாகச் சேரும். விளைவு, அங்கே 49 ஊழியர்களோடு நிற்கும் நிறுவனங்கள் வழக்கத்துக்கு மாறாக நிறைய. ஐம்பதாவது ஆளை எடுப்பதற்குப் பதில் இருப்பவர்களுக்கு ஓவர்டைம் கொடுப்பார்கள், இயந்திரம் வாங்குவார்கள், இன்னொரு பெயரில் நிறுவனம் தொடங்குவார்கள். 2019-இல் பிரான்சு சட்டத்தைத் திருத்தி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த எண்ணிக்கைக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கடமைகளில் பல வரும் என்று மாற்றியது.

வரம்பில் நிறுவனங்கள் உண்மையில் கவலைப்படுவது எண்ணைப் பற்றி மட்டும் அல்ல. ஆள் கணக்கை எப்படி எடுப்பது என்பதில்தான் அதிகச் சண்டை. சாதாரண மாதங்களில் 40 பேர், பருவ காலத்தில் 70 பேர் வேலை செய்யும் நிறுவனம் 50-க்கு மேலா கீழா? ஏதாவது ஒரு நாளில் 50-ஐத் தொட்டாலே போதும் என்று விதி சொன்னால் அது மேலே. ஆண்டுச் சராசரி என்று சொன்னால், பருவ காலம் மூன்று மாதம் என்கிறபோது சராசரி 47.5, அது கீழே. ஒரு சொல்தான் வித்தியாசம். சட்டமன்றத்தில் ஒரு மணி நேரம் முழங்குவதைவிட, விதி எழுதும் அதிகாரியிடம் இந்த ஒரு சொல்லைச் சரியாக வைக்கச் சொல்வது அந்த நிறுவனத்துக்கு அதிகம் உதவும்.

சமூகக் கொள்கை: பில் யார் பெயரில்?

மகப்பேறு விடுப்பு வேண்டுமா என்று கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் வேண்டும் என்றே சொல்லும். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்று கேட்டால் பதில்கள் சிதறும். இதற்கு மூன்று வழிகள்: அரசின் பொது வரியிலிருந்து, எல்லா முதலாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து கட்டும் காப்பீட்டு நிதியிலிருந்து, அல்லது அந்தப் பெண் வேலை செய்யும் நிறுவனமே நேரடியாக.

மூன்றாவது வழி பார்வைக்கு அரசுக்குச் செலவில்லாதது, அதனால் அரசுகளுக்குப் பிடிக்கும். ஆனால் இளம் பெண்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் தலையில் மட்டும் செலவு விழுகிறது, எடுக்காத நிறுவனம் தப்பித்துவிடுகிறது. பாதுகாக்க வந்த சட்டமே வேலைவாய்ப்பைப் பறிக்கும் ஆபத்து இதில் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறுப் பாதுகாப்பு ஒப்பந்தம், குறைந்தது 14 வார விடுப்பைச் சொல்வதோடு, இந்தப் பணப்பயனைக் கட்டாயச் சமூகக் காப்பீடு அல்லது பொது நிதி மூலம் தரவேண்டும், தனிப்பட்ட முதலாளியை நேரடிச் செலவுக்குப் பொதுவாகப் பொறுப்பாக்கக் கூடாது என்றும் சொல்வது இதனால்தான். தொழில் அமைப்புகளின் நிலைப்பாடும் பெண்களின் நலனும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் விஷயம் இது. எதிர்ப்பு விடுப்புக்கா, பில் போடும் முறைக்கா என்று கேட்காமல் "முதலாளிகள் மகப்பேறு விடுப்பை எதிர்க்கிறார்கள்" என்று எழுதினால் விஷயமே தவறிவிடும்.

யாருக்கு லாபம் என்று மேலோட்டமாகப் பார்த்து முடிவு கட்டுவதும் ஏமாற்றும். போர்ச்சுகல் 2012 செப்டம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. சமூகப் பாதுகாப்புக்கு முதலாளிகள் கட்டிவந்த 23.75 சதவீதத்தை 18 ஆகக் குறைப்பது, ஊழியர்கள் கட்டிவந்த 11 சதவீதத்தை 18 ஆக உயர்த்துவது. காகிதத்தில் முதலாளிகளுக்கு நேரடிப் பரிசு. லட்சக்கணக்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வியப்பு என்னவென்றால் தொழிலதிபர்கள் பலரும் அதை எதிர்த்தார்கள். ஊழியரின் கைக்கு வரும் சம்பளம் 7 சதவீதப் புள்ளி குறைந்தால் கடையில் யார் வாங்குவது? உள்நாட்டுச் சந்தையை நம்பிய நிறுவனத்துக்குச் சம்பளப் பட்டியலில் மிச்சமாவதைவிட விற்பனையில் இழப்பது பெரிது. ஆட்களோடு கட்டிவைத்த உறவும் கெடும். அந்த மாதம் முடிவதற்குள் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

டென்மார்க்கில் வேறொரு பேரம். அங்கே ஆட்களை வேலையிலிருந்து விடுவிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பதிலுக்கு வேலை இழந்தவருக்குத் தாராளமான உதவித்தொகையும், புது வேலைக்குப் பயிற்சியும் உண்டு. இதற்குப் பெரிய வரிச் செலவு ஆகிறது, முதலாளிகள் அதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள், காரணம் பதிலுக்கு அவர்களுக்கு வளைந்துகொடுக்கும் வசதி கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு பாதியை மட்டும் நகல் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. ஆட்களை நீக்கும் சுதந்திரத்தை மட்டும் கொண்டுவந்து, உதவித்தொகையையும் பயிற்சியையும் "அடுத்த கட்டம்" என்று தள்ளிவைத்தால் தொழிற்சங்கம் நம்பாது, சீர்திருத்தம் பாதியில் நிற்கும்.

அவகாசமும் நம்பகமும்

கெட்ட செய்தியைவிடத் தெளிவில்லாத செய்திதான் முதலீட்டை அதிகம் நிறுத்திவைக்கும். பத்து ஆண்டு ஓடவேண்டிய இயந்திரத்தை வாங்குபவர், வரி எவ்வளவு என்பதோடு அது மூன்றாம் ஆண்டில் மாறுமா என்றும் பார்ப்பார். மாறும் என்ற சந்தேகம் இருந்தால் ஆர்டரைத் தள்ளிப்போடுவார். எல்லோரும் தள்ளிப்போட்டால் அதுவே மந்தம்.

இதைச் சரியாகக் கையாண்டதற்குப் பிரிட்டனின் குளிர்பானச் சர்க்கரை வரி நல்ல உதாரணம். 2016 மார்ச்சில் அறிவித்தார்கள், 2018 ஏப்ரலில்தான் நடைமுறை. நூறு மில்லி லிட்டரில் சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. தொடங்கியபோது 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் 24 பென்ஸ். ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டருக்குக் குறைவாகத் தயாரிக்கும் சிறியவர்களுக்கு விலக்கு. தொழில்துறை முதலில் கடுமையாக எதிர்த்தது. ஆனால் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது, இலக்கு எண் தெளிவாக இருந்தது, தப்பிக்கும் வழியும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. செய்முறையை மாற்றி, சுவை சோதித்து, லேபிள் அச்சடித்து, பல நிறுவனங்கள் வரி தொடங்கும் முன்பே 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. இதையே ஒரே மாத அவகாசத்தில் கொண்டுவந்திருந்தால் செய்முறையை மாற்ற நேரமே இருந்திருக்காது. வரியை விலையில் ஏற்றிவிட்டு அப்படியே போயிருப்பார்கள்.

நிலைப்பாடுகள் நிரந்தரமும் அல்ல. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரோஃப்ளோரோகார்பன்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அவற்றை உலகிலேயே அதிகமாகத் தயாரித்த டூபாண்ட் நிறுவனம் நெடுநாள் எதிர்த்தது. 1986-இல் சர்வதேச வரம்புகளை ஏற்பதாக மாறியது, 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1988-இல் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. அறிவியல் சான்று வலுத்தது ஒரு காரணம். எல்லா நாட்டுப் போட்டியாளர்களுக்கும் ஒரே விதி என்பதும், மாற்றுப் பொருளை உருவாக்கும் திறன் தன்னிடம் இருந்ததும் மற்ற காரணங்கள். தொடக்கத்தில் கேட்ட மூன்றாவது கேள்வி இங்கே பதிலாகி நிற்கிறது.

கூட்டமைப்பு ஏன் மழுப்புகிறது

தனி நிறுவனங்கள் பெரும்பாலும் கூட்டமைப்புகள் வழியாகவே பேசும். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1919-இல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் அரசுப் பிரதிநிதிகள் இருவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர். ஸ்வீடனில் 1938-இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் அரசு தலையிடாமல் தாங்களே அடிப்படை ஒப்பந்தம் செய்துகொண்டன.

ரசாயன ஆலையும் துப்புரவு நிறுவனமும் மென்பொருள் நிறுவனமும் ஒரே கூட்டமைப்பில் உறுப்பினர்களாக இருக்கும்போது, ஊதிய உயர்வைப் பற்றி அந்த அமைப்பு என்ன சொல்லும்? யாருக்கும் வலிக்காத ஒரு வாக்கியம். அல்லது அதிகம் பாதிக்கப்படுபவரின் குரலே அமைப்பின் குரலாகும், பயனடைபவர் அமைதியாக இருப்பார். ஒருவருக்குப் பெரிய நஷ்டம், நூறு பேருக்குச் சிறு லாபம் என்றால் கூட்டத்துக்கு வந்து கத்துபவர் அந்த ஒருவர்தான். அமெரிக்க வர்த்தகச் சம்மேளனத்தின் காலநிலைக் கொள்கை நிலைப்பாடு பிடிக்காமல் 2009-இல் ஆப்பிள் உட்படச் சில நிறுவனங்கள் வெளியேறியபோது இந்த உள்முரண் வெளியே தெரிந்தது.

பிரிட்டன் 1999 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டுவந்தபோது இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. ஒன்பது பேர் கொண்ட ஆணையம்: முதலாளிகள் பின்னணியில் மூவர், தொழிற்சங்கப் பின்னணியில் மூவர், சார்பற்றவர் மூவர். மணிக்கு 3.60 பவுண்டு என்று தொடங்கி, சான்றுகளைப் பார்த்துப் பார்த்து உயர்த்தும் பரிந்துரை. எண் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் எதிர்த்தவர்களின் வேகம் தணிந்தது.

மனு எழுதுவது

வரைவுச் சட்டம் கருத்துக்கு வைக்கப்படும்போது கால அவகாசம் குறைவு. ஐரோப்பிய ஆணையம் பொதுக் கலந்தாய்வுகளுக்கு 12 வாரம் தருகிறது, பல இடங்களில் அதைவிடக் குறைவு. ஆகவே வரைவு வந்த பிறகு தரவு திரட்டத் தொடங்கினால் தாமதம்.

முதல் பக்கத்திலேயே யாருக்காகப் பேசுகிறோம், எத்தனை உறுப்பினர்கள், அவர்களில் எத்தனை பேர் நம் கேள்விகளுக்குப் பதில் தந்தார்கள் என்று எழுத வேண்டும். 800 உறுப்பினர்களில் 40 பேர் பதில் தந்து, அதில் 36 பேர் எதிர்த்தால் "90 சதவீதம் பேர் எதிர்ப்பு" என்று எழுதுவது ஏமாற்று. கோபப்பட்டவர்கள்தான் பதில் எழுதுவார்கள், அனுபவமுள்ள அதிகாரி இதை உடனே பிடித்துவிடுவார், அதற்கப்புறம் மனுவின் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்.

பிறகு பிரிவு எண் குறிப்பிட்டுப் பேச வேண்டும். "இந்தச் சட்டம் தொழிலை நசுக்கும்" என்பதால் எதுவும் நகராது. "பிரிவு 7(2)-இல் 'எந்த நாளிலும்' என்பதற்குப் பதில் 'ஆண்டுச் சராசரியில்' என்று இருக்க வேண்டும், காரணம் இது, மாற்று வாசகம் இது" என்று எழுதினால் அதிகாரி அதை அப்படியே எடுத்து வரைவில் ஒட்ட முடியும். செலவுக் கணக்கில் ஒருமுறைச் செலவையும் ஆண்டுதோறும் வரும் செலவையும் கலக்கக் கூடாது. ஒரு மென்பொருளை வாங்குவது ஒருமுறை, அதைப் பராமரிப்பது ஆண்டுதோறும். சட்டம் இல்லாவிட்டாலும் செய்திருக்கும் செலவைச் சட்டத்தின் கணக்கில் ஏற்றுவதும் கூடாது.

விலக்குக் கேட்பதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன் அவகாசம், படிப்படியான விகிதம், எளிய படிவம் என்று கேட்க நிறைய இருக்கிறது. விலக்கு கிடைத்தால் வரம்புக்கோடும் கூடவே வரும், அந்தக் கோட்டில் பின்னாளில் தன் உறுப்பினரே மாட்டிக்கொள்வார்.

படிப்பவர் பக்கத்தில் நின்று ஒரு சோதனை சொல்லலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். அரசிடம் "இந்த விதி வந்தால் பேரழிவு" என்று சொன்ன அதே நிறுவனம், முதலீட்டாளர்களிடம் "பெரிய பாதிப்பு இருக்காது" என்று எழுதியிருந்தால் இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். முதலீட்டாளரிடம் தவறான தகவல் தந்தால் சட்டப்படி தண்டனை உண்டு. அரசுக்கு அனுப்பிய மனுவில் மிகைப்படுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. யார் யாரைச் சந்தித்துப் பேசினார்கள் என்று பார்க்கவும் சில இடங்களில் வழி உண்டு. கனடாவில் 1989 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதலும் இதற்கெனப் பதிவேடுகள் இருக்கின்றன.

சட்டம் வந்துவிட்டது என்பதோடு நிறுவனத்தின் வேலை முடிந்துவிடாது. நல்ல சட்டங்களில் மூன்று அல்லது ஐந்து ஆண்டு கழித்து மறுஆய்வு என்று ஒரு பிரிவு இருக்கும். அந்த நேரத்தில் "எங்களுக்கு இவ்வளவு செலவானது" என்று சொல்ல, சட்டத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டும். பெரும்பாலானோரிடம் அது இருப்பதில்லை. நடைமுறைக்கு வரும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்கு ஐந்தே எண்களை மாதாமாதம் குறித்து வைத்தால் போதும்: ஊழியர் எண்ணிக்கை, மொத்தச் சம்பளம், வேலையை விட்டவர்கள், விற்பனை விலை, சட்டப் படிவங்களுக்குச் செலவான மணி நேரம். கடைசி எண்ணை யாரும் குறிப்பதில்லை, மறுஆய்வில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.